அந்தமான் டிக்கெட் போடும் முன் தினசரி காலண்டரைப் புரட்டுங்கள்

அந்தமானுக்கு நாள் குறிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது விமானக் கட்டணத்தை. அப்புறம் பிள்ளைகளின் பரீட்சை, ஆபீஸ் லீவு. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அங்கே செய்யத்தக்க நல்ல காரியங்களில் பாதி திதியைப் பொறுத்தது. கடல் எவ்வளவு வற்றும், நீரோட்டம் எவ்வளவு இழுக்கும், ராத்திரி எவ்வளவு இருட்டாக இருக்கும் என்பதெல்லாம் அந்தச் சின்னத் தாளிலேயே இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இது தோன்றாததில் ஆச்சரியமில்லை. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம். கரை சரிவாக இருப்பதால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. போர்ட் பிளேர் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது இரண்டு மீட்டர் வரை போகும். கரையோரம் தட்டையான பவளத் திட்டு என்பதால், காலையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் மதியம் பாறையும் சேறும்தான் இருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு நீல் தீவின் பாரத்பூர் கடற்கரையில் இறங்கி, "என்னய்யா, தண்ணியே இல்ல" என்று திரும்புகிறவர்கள் தவறான இடத்துக்கு வரவில்லை, தவறான நேரத்துக்கு வந்திருக்கிறார்கள்.

என் சிபாரிசு: தேய்பிறை அஷ்டமி வாக்கில் போய் இறங்குங்கள், அமாவாசைக்கு முன் திரும்புங்கள். அஷ்டமி நவமியில் பயணமா என்று வீட்டுப் பெரியவர்கள் முறைப்பார்கள், சமாளித்துக்கொள்ளுங்கள். காரணம் இதுதான். அஷ்டமியை ஒட்டிய மூன்று நான்கு நாட்களில் கடலின் ஏற்ற இறக்கம் குறைவு. நீரோட்டம் மெதுவாக இருக்கும், மணல் கலங்காது, ஸ்கூபாவுக்கும் (காற்று உருளையோடு முக்குளிப்பது) ஸ்நார்க்கலிங்குக்கும் (முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டி மேலே மிதந்தபடி பார்ப்பது) அதுதான் தோது. அமாவாசையை நெருங்க நெருங்க வற்றம் பெரிதாகும். பாறைத் திட்டில் நடந்துபோய்ப் பார்க்க வேண்டியவற்றுக்கு அந்த நாட்கள். தேய்பிறை அஷ்டமியிலிருந்து நிலா நடு இரவை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் எழும் என்பதால் மாலை முழுக்க இருட்டு. அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மாதத்தைப் பற்றிச் சுருக்கமாக: நவம்பர் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, படகுகள் அடிக்கடி ரத்தாகும். நவம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் நமக்கு வருவதற்கு முன் அவர்களுக்குத்தான். கூட்டம் வேண்டாம், வெயில் பரவாயில்லை என்பவர்களுக்கு மார்ச், ஏப்ரல் நல்லது. அப்போது கடல் பெரும்பாலும் தட்டு மாதிரி கிடக்கும்.

கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் கிழக்கே போகிறோம், ஆனால் கடிகாரத்தை மாற்றுவதில்லை. இந்திய நேரமேதான். அதனால் சென்னையைவிட ஐம்பது நிமிடம் முன்னால் அங்கே பொழுது விடிகிறது, அதே அளவு முன்னால் சாய்கிறது. மே மாதத்தில் ஐந்து மணிக்கே வெயில் வந்துவிடும். டிசம்பர் தொடக்கத்தில் மாலை ஐந்துக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். எட்டு மணிக்கு எழுந்து, ஒன்பதரைக்குக் காலை உணவு முடித்து, பத்தரைக்குக் கிளம்பும் விடுமுறைப் பழக்கத்தை இங்கே வைத்துக்கொண்டால் ஒரு நாளில் நல்ல வெளிச்சம் உள்ள நேரத்தில் பாதி போய்விடும். ஐந்தரைக்குக் கடலில் இருங்கள், பன்னிரண்டு முதல் இரண்டு வரை தூங்குங்கள், மூன்றரைக்கு மறுபடி வெளியே வாருங்கள். ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்க 'ஆறு மணிக்கு வண்டி' என்று பேசிவைத்தால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

எந்தத் தீவு முதலில்

டிராவல்ஸ்காரர்கள் தரும் திட்டத்தில் முதல் இரண்டு நாள் போர்ட் பிளேர், கடைசியில் ஹேவ்லாக், நீல், திரும்பும் நாள் காலை படகு, மதியம் விமானம் என்று இருக்கும். அதை அப்படியே மாற்றச் சொல்லுங்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். விமானம் காத்திருக்காது. கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் என்பதை மாற்றவே மாற்றாதீர்கள்.

ஸ்கூபாவும் இதில் சேரும். கடலுக்கடியில் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது ரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் கரைகிறது. அது மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால், கேபினில் அழுத்தம் குறைந்து, சோடா பாட்டில் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழிகள் உண்டாகலாம். கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரம் வைப்பது பாதுகாப்பு. ஆக, ஸ்கூபாவைத் தொடக்க நாட்களிலேயே முடித்துவிட வேண்டும்.

ஏழு நாள் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: இறங்கிய நாள் போர்ட் பிளேர், செல்லுலார் சிறை. மறுநாள் காலைப் படகில் ஹேவ்லாக், அங்கே மூன்று இரவு. அடுத்து நீல், ஒரு இரவு. ஆறாம் நாள் பாறைத் திட்டைப் பார்த்துவிட்டு மாலைப் படகில் போர்ட் பிளேர். ஏழாம் நாள் விமானம். ஐந்து நாள்தான் என்றால் ஹேவ்லாக்கில் ஒரு இரவையும் நீலில் தங்குவதையும் விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வரப் பார்த்தால் படகுத்துறையில் வரிசையில் நின்றதுதான் நினைவில் இருக்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. ஹேவ்லாக், நீல், ராஸ் ஆகிய தீவுகள் 2018 டிசம்பரில் முறையே ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆயின. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. வாயில் பழைய பெயரும், டிக்கெட்டில் புதிய பெயரும் இருக்கும். பதறாதீர்கள்.

படகும் வயிறும்

ஹேவ்லாக்குக்கு அரசுப் படகும் உண்டு, தனியார் குளிர்சாதனப் படகும் உண்டு. அரசுப் படகு மலிவு, இரண்டரை மணி நேரம், டிக்கெட் சிக்குவது கடினம். தனியார் படகு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். டிசம்பர், ஜனவரி என்றால் விமானத்தோடு சேர்த்தே இதையும் போட்டுவிடுங்கள். ஆதார் அசல் கையில் இருக்கட்டும், டிக்கெட்டில் பெயர் அதில் உள்ளபடியே இருக்கட்டும்.

கடல் மயக்கம் வருகிறவர்கள் காலி வயிற்றோடு ஏறுவதுதான் முதல் தவறு. இரண்டு இட்லி போதும், பூரி கிழங்கு வேண்டாம். கீழ்த் தளத்தில், படகின் நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள். முன்பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும். போனைப் பார்க்காமல் ஜன்னல் வழியே தொடுவானத்தைப் பாருங்கள். அவோமின் போடுவதானால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை. குழந்தைகளுக்கு அளவை மருத்துவரிடம் கேளுங்கள். அது தூக்கம் வரவழைக்கும் மருந்து, போட்ட நாளில் ஸ்கூபா வேண்டாம்.

(சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பலும் உண்டு. ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். நேரமும் பொறுமையும் இருக்கிற இளைஞர்கள் ஒருமுறை ஒரு வழிக்கு முயலலாம். குடும்பத்தோடு வேண்டாம்.)

நீருக்கு அடியில்

நீச்சல் தெரியாதவர்களும் 'ட்ரை டைவ்' செய்யலாம். பயிற்சியாளர் ஒருவர் கூடவே, உங்கள் உருளையைப் பிடித்தபடி வருவார். ஆழம் 12 மீட்டரைத் தாண்டக்கூடாது. குறைந்தபட்ச வயது 10. முன்னதாக ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், காதில் அறுவை, கர்ப்பம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பணம் கட்டியாகிவிட்டதே என்று மறைப்பவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

பாதியில் மேலே வந்துவிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை பயத்தால் வருவதில்லை, காதால் வருகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. ஆனால் காது வலிப்பது முதல் மூன்று நான்கு மீட்டரிலேயே, ஏனென்றால் காற்றின் கன அளவு வேகமாகச் சுருங்குவது அங்கேதான். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதினால் காதுக்குள் 'டப்' என்று திறக்கும். இதை வலி வருவதற்கு முன் செய்ய வேண்டும், ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறை. வலி வந்தபின் பலமாக ஊதுவது தவறு. ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி மெல்ல முயல வேண்டும். சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்று இறங்கவே கூடாது. முதல் நாள் இரவு ஐஸ்கிரீம், ஏசி என்று சளி பிடித்துக்கொள்கிறவர்கள் நிறைய.

இன்னொன்று: மூச்சைப் பிடிக்காதீர்கள். நீச்சல் தெரிந்தவர்கள்தான் பழக்க தோஷத்தில் பிடிப்பார்கள். நுரையீரலில் காற்றை அடைத்துக்கொண்டு மேலே வந்தால் அது விரியும், ஆபத்து. நிதானமாக இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முகமூடி பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுங்கள். கையை எடுத்தாலும் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் வேறு அளவு கேளுங்கள். பட்டையை இறுக்கினால் சரியாகிவிடும் என்பது தவறு, இறுக்கினால் சிலிகான் விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகும். விளிம்புக்கு அடியில் ஒரு முடிகூட இருக்கக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போனால் அது வழிந்து முகமூடி வழுக்கும். பெரிய மீசைக்காரர்களுக்கு மூக்குக்குக் கீழே தண்ணீர் புகும். மீசையின் மேல் விளிம்பில் ஒரு கோடு மழித்துக்கொண்டால் நிற்கும், அதற்கு மனம் வராவிட்டால் மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். கண்ணாடி மங்காமலிருக்க உள்பக்கம் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தேய்த்து அலசுங்கள். எச்சிலும் அதே வேலையைச் செய்யும். மூக்குக் கண்ணாடியை முகமூடிக்குள் போட முடியாது. பவர் வைத்த முகமூடி இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஸ்நார்க்கலிங்குக்கு ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச் வசதி. படகுத்துறையிலிருந்து படகில் இருபது நிமிடம், அல்லது காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் நடை. மழை பெய்திருந்தால் அந்த வழி முழங்கால் சேறு, வழி திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். முதல் படகிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் ஜெட் ஸ்கீ சத்தமும் கலங்கிய மணலும்தான். முழுக்கை டி-ஷர்ட் அவசியம். குப்புற மிதப்பதால் முதுகு வேகும், குளிர்ந்த தண்ணீரில் அது தெரியாது, ராத்திரி படுக்கும்போது தெரியும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது உயிர், காலையும் கிழிக்கும். கிழித்தால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி பீட்டாடைன் தடவுங்கள், சின்னக் கீறல்தானே என்று விட்டால் சீழ் பிடிக்கும். படத்தில் பார்க்கும் வண்ணம் எல்லா இடத்திலும் கிடைக்காது. 2010-இல் கடல் சூடேறி அந்தமானின் பவளங்கள் பெருமளவு வெளுத்தன, அதன் தடம் ஆழமில்லாத இடங்களில் இன்னும் தெரிகிறது.

கண்ணாடி அடித்தளப் படகு, வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் சரி. போர்ட் பிளேர் அருகே நார்த் பேயில் ஹெல்மெட் மாட்டி நடக்கும் 'சீ வாக்' என்னைக் கேட்டால் காசுக்கு மதிப்பில்லை. அங்கேயும் காது அடைக்கும், ஆனால் பார்க்கக் கிடைப்பது குறைவு.

இருட்டில் ஒளிரும் தண்ணீர்

தேய்பிறை சொன்னது இதற்குத்தான். ஹேவ்லாக்கின் அலையாத்திக் காட்டு ஓடைகளில் இரவில் கயாக் ஓட்டிக்கொண்டு போனால், துடுப்பு பட்ட இடத்தில் தண்ணீர் நீலமாக மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரிகள், கலக்கினால் ஒளி உமிழ்கின்றன. நிலா இருந்தால் ஒன்றும் தெரியாது. பௌர்ணமிக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. போனை எடுத்துப் படம் பிடிக்க முயலாதீர்கள். படத்தில் விழாது, திரை வெளிச்சத்தில் உங்கள் கண்ணும், பக்கத்துப் படகுக்காரர் கண்ணும் இருட்டுப் பழக்கத்தை இழக்கும். அது திரும்ப இருபது நிமிடமாவது ஆகும். வழிகாட்டியோடு மட்டுமே போக வேண்டும். இந்த ஓடைகள் உப்புநீர் முதலைகளின் பேட்டை. 2010-இல் ராதாநகர் அருகே முதலை தாக்கி ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். எச்சரிக்கைப் பலகையும், கடலில் கட்டிய வலையும், மாலையில் உயிர்காப்பாளர் ஊதும் விசிலும் சும்மா இல்லை.

நீல் தீவின் பாறை வளைவு

லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில் கடல் குடைந்த இயற்கைப் பாலம் ஒன்று நிற்கிறது. அந்தப் பாலத்தைவிட, அதற்குப் போகிற வழிதான் பார்க்க வேண்டியது. வற்றத்தில் மட்டும் வெளிப்படும் குட்டைகளில் கடல் அட்டை, நட்சத்திர மீன், பவளத்துக்குள் பதிந்து நீல உதட்டைத் திறந்து மூடும் பெருஞ்சிப்பி, எல்லாம் குனிந்தால் தெரியும். ஓத அட்டவணை, அதாவது ஏற்றம் வற்றம் நேரப் பட்டியல், இணையத்தில் கிடைக்கிறது. விடுதியிலும் சொல்வார்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று ஒரு மணி என்றால் நாளை ஒன்று ஐம்பது.

வற்றம் ஒரு மணி என்றால் பன்னிரண்டுக்கே நடக்கத் தொடங்குங்கள், இரண்டுக்குள் திரும்புங்கள். வற்றம் திரும்பியதும் முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும், மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதை நம்பி நிற்பவர்களை மூன்றாவது, நான்காவது மணி நேரம் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி ஏறிவிடும். ஹவாய்ச் செருப்பு இங்கே உதவாது, பாசியில் வழுக்கும், இடுக்கில் மாட்டிக் கழன்றுபோகும். பின்பட்டை வைத்த ரப்பர் செருப்போ, நனைந்தால் பரவாயில்லை என்ற பழைய கேன்வாஸ் ஷூவோ போதும். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டால் நீங்கள் கல் என்று மிதிக்கப்போவது உயிர் என்று சொல்வார்.

நீலில் சைக்கிள் போதும். சூரிய உதயத்துக்கு சீதாபூர், அஸ்தமனத்துக்கு லக்ஷ்மண்பூர் முதலாம் கடற்கரை. பாரத்பூரில் ஏற்றத்தின்போது மட்டும் இறங்குங்கள். இரண்டு தீவுகளிலும் குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால், சின்னக் கடைகளில் கடுகு அரைத்த மீன் குழம்பு கேட்டுச் சாப்பிடுங்கள். அங்கே போய் தோசை தேடுவது வீண்வேலை. தோசைக்கு போர்ட் பிளேர் இருக்கிறது.

போர்ட் பிளேரில்

செல்லுலார் சிறையை 1896 முதல் 1906 வரை கட்டினார்கள். நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கைகளாக விரிந்த கட்டிடத்தில் இப்போது மிச்சம் மூன்று. ஒளி ஒலிக் காட்சிக்கு எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். பகலில் போய் ஒரு கொட்டடிக் கதவின் தாழ்ப்பாளைப் பாருங்கள். தாழ்ப்பாள் கதவில் முடிவதில்லை, நீண்டு பக்கத்துச் சுவரில் குடைந்த பள்ளத்துக்குள் போய் நுழைகிறது. கம்பிக்கு இடையே கையை எவ்வளவு நீட்டினாலும் உள்ளே இருப்பவனுக்கு எட்டாது. ஒவ்வொரு கையின் முன்பக்கமும் அடுத்த கையின் பின்சுவரைப் பார்த்தபடி இருக்கிறது, எதிரே இன்னொரு கைதியின் முகம் தெரியக்கூடாது என்று.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போவதானால் விடியலுக்கு முன்பே ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்க வேண்டும். வழி ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், எதையாவது நீட்டுவதும் சட்டப்படி குற்றம். முதல் பயணத்தில் இதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. குகைக்காகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வழியில் மனிதர்களை எட்டிப் பார்க்கிற கூட்டம்தான் அதிகம்.

சில்லறைச் சமாச்சாரம்

மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். கொசுவத்தி எதுவும் அதற்கு எடுபடாது. முட்டிக்குக் கீழே தேங்காய் எண்ணெயைக் கனமாகப் பூசினால் ஈ ஒட்டிக்கொண்டு கடிக்க முடியாமல் போகும். முகத்தில் மட்டும் பூசாதீர்கள், முகமூடி கதை மேலே சொன்னேன். காலையிலும் சாயங்காலமும் ஈர மணலில் படுக்காமல் இருந்தாலே பாதிக் கடி குறையும்.

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்த பிறகு இணையம் எவ்வளவோ தேறிவிட்டது. ஆனாலும் ஹேவ்லாக், நீலில் யுபிஐ எந்த நேரமும் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். ஏடிஎம்களும் குறைவு. ரொக்கத்தை போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும். துப்பட்டாவோடு ஜெட் ஸ்கீயில் ஏறாதீர்கள்.

கடற்கரையில் பிள்ளைகள் பொறுக்கும் சங்கையும் பவளத் துண்டையும் அங்கேயே போடச் சொல்லுங்கள். செத்த பவளம்தானே என்ற வாதம் எடுபடாது, பவளமும் சங்கு வகைகள் பலவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கும். விமான நிலைய ஸ்கேனரில் பை நிற்கும், துணிகளை எல்லாம் வெளியே எடுத்துப்போட்டுத் தேடுவார்கள், பின்னால் வரிசை நிற்கும். சங்குச் சாமான் வேண்டுமானால் அரசு விற்பனை நிலையமான சாகரிகாவில் வாங்கி, ரசீதைப் பைக்குள் திணிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.